வெல்லம் போட்ட நீச்சல் குளம்

என் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் ஒரு செங்கல்லை எடுத்து இன்னொரு செங்கல் மேல் வைத்தது கிடையாது. தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து, அடுத்தவர்கள் கட்டிய வீட்டில் குறை கண்டுபிடித்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் புத்தி எங்கே போகும்? வீட்டிலிருக்கும் நீச்சல் குளத்தை நானே பூசிக் காட்டுகிறேன் என்று லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நீச்சல் குளம் என்றதும் எங்களைப் பெரிய இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பெங்களூரில் கம்பெனி வைத்திருந்த ஒருவர், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு கட்டினார். வீட்டுக்குப் பின்னால் குளமும் கட்டினார். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கொசு கடித்தது. விற்றுவிட்டுப் போய்விட்டார். தோப்புக்காகத்தான் நாங்கள் வாங்கினோம், குளம் கூடவே வந்து சேர்ந்தது. இருபத்தைந்து அடி நீளம், பன்னிரண்டு அடி அகலம், ஒரு முனையில் மூன்றடி ஆழம், மறுமுனையில் ஐந்தடி. என் வீட்டுக்காரர் முதலில் அதில் மீன் விட்டார், மீன் செத்தது. பிறகு சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தண்ணீர் தேக்கினார், தண்ணீர் நிற்கவில்லை. கடைசியில் தென்னை மட்டை போட்டு வைக்கிற குழியாக அது கிடந்தது.

அப்படியே கிடந்திருக்கும், என் முழங்கால் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால். நான் கணக்கு டீச்சர். முப்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்றே தேய்ந்த கால். தர்மபுரியில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"டீச்சர், எலும்பு தேஞ்சிருக்குதுங்க. ஆனா இப்பவே கத்தி வெக்க வேணாம். நெஞ்சளவு தண்ணியில தெனமும் அரை மணி நேரம் நடங்க. மூணு மாசம் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா ஆபரேஷன்தான்" என்றார்.

என் அக்கா அந்த ஆபரேஷனைச் செய்துகொண்டவள். எல்லோருக்கும் நன்றாக ஆகிறது, அவளுக்கு ஆகவில்லை. கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும்தான் இப்போது அவளுடைய ஊர். நெஞ்சளவு தண்ணீர் என்று டாக்டர் சொன்னதும் என் கண் முன்னால் வந்தது தென்னை மட்டை கிடந்த அந்தக் குழிதான். சமையலறைக் கதவிலிருந்து எண்ணி இருபது அடி எடுத்து வைத்தால் போதும். மூன்று மாதம் அன்றிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டது.

கம்பைநல்லூரிலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தோம். அவர் குளத்துக்குள் இறங்கி, பூசுகிற கரணையைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். எங்கே தட்டினாலும் டொப் டொப்பென்று உள்ளே வெற்றிடமாகச் சத்தம் வந்தது. "பழைய பூச்சு மொத்தமும் சுவர விட்டு வந்துடுச்சுங்க. எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டுப் புதுசா ரெண்டு கோட் பூசணும்" என்றார். இவர் அளவு நாடாவை எடுத்து அளந்து, அவ்வளவு சிமெண்ட் எதற்கு என்று கணக்குக் கேட்டார். நாடாவின் நுனி குளத்தின் முதல் படியில் மாட்டியிருந்தது தெரியாமல், நீளத்தைக் குறைத்து அளந்திருக்கிறார். மேஸ்திரி சிரித்துவிட்டார். அவ்வளவுதான். ஆபீசில் ஒருத்தர் சிரித்தால் அவருடைய பட்டாவை ஆறு மாதம் கிடப்பில் போட்டவர் இவர். இங்கே கிடப்பில் போட ஒன்றும் இல்லையே, அதனால் மேஸ்திரியையே அனுப்பிவிட்டார்.

"இதுக்குப் போயி மேஸ்திரி எதுக்கு? போன்ல பாத்தா அஞ்சு நிமிஷத்துல பூசறான்" என்றார் என்னிடம்.

அந்த ஐந்து நிமிடத்தை நானும் பார்த்தேன். ஏதோ ஒரு தேசத்தில் அரை டிராயர் போட்ட ஒரு வெள்ளைக்காரன், சுத்தமான மூட்டையைப் பிரித்து, வெள்ளை வெளேரென்று மாவைக் கலக்கி, வழவழவென்று இழுத்துவிட்டுப் போகிறான். அவன் பேசுவது இவருக்குப் புரியவில்லை என்பதால் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சத்தமில்லாமல் பத்து வீடியோ பார்த்து என் வீட்டுக்காரர் கொத்தனார் ஆனார்.

மேஸ்திரியோடு ஒரு சித்தாள் வந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான தேகம், தலையில் சும்மாடு கட்டிய தடம் நெற்றியோரம் நிரந்தரமாகப் பதிந்திருந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் காலனியில்தான் வீடு. இவர் அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார். மேஸ்திரி வேண்டாம், மண் அள்ள ஆள் வேண்டும். இப்படித்தான் பெரிய மனுஷர்கள் எல்லாம் தங்கள் கையாலேயே வேலை செய்கிறார்கள்.

பழைய பூச்சைக் கொத்தி எடுக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அதில் இவர் சுத்தியலும் உளியும் பிடித்தது எல்லாம் கூட்டினால் ஒன்றரை நாள். மீதியை அவள்தான் கொத்தினாள், அவள்தான் சட்டியில் அள்ளினாள், அவள்தான் தலையில் வைத்துப் படியேறிக் கொட்டினாள். இவர் மேலே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே விட்டுவிட்டாய் இங்கே விட்டுவிட்டாய் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குக் காபி போடுவேன். எங்கள் இருவருக்கும் சில்வர் டம்ளரில், அவளுக்குப் பேப்பர் கப்பில். எங்கள் சமையலறை ஜன்னலில் பேப்பர் கப் கட்டு ஒன்று எப்போதும் இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் இருக்கும். அவள் குடித்து முடித்து, கப்பைக் கசக்கி, தானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வருவாள்.

பூசுகிற நாள் நெருங்கியபோதுதான் இவருக்கு ஞானம் பிறந்தது. இவர்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் கரும்பு ஆலை ஓட்டி வெல்லம் காய்ச்சினார்களாம். அந்த ஆலைக் கொட்டாய்க்குப் பக்கத்தில் சுண்ணாம்பில் கட்டிய தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்ததாம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசியதாம். கடப்பாரை போட்டாலும் உடையவில்லையாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தொட்டியின் புகழைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருக்கிறது. அந்த வெல்லத்தை இப்போது சிமெண்டில் போடுவது என்று முடிவு செய்தார். சிமெண்டே கெட்டி, அதில் வெல்லமும் சேர்ந்தால் எவ்வளவு கெட்டி என்று கேட்டார். கணக்கு டீச்சரான எனக்கே அது சரியான கூட்டலாகத்தான் பட்டது. அந்த வெட்கத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

உறவுக்காரர் ஆலையிலிருந்து வெல்லம் வந்தது. சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விற்பவர்களிடம் கடுக்காய் வாங்கியானது. கடுக்காயை இடித்து ஊறப்போட்டது யார்? நான். வெல்லத்தை அண்டாவில் கரைத்துக் காய்ச்சியது யார்? அதுவும் நான்தான், தேய்ந்த முழங்காலோடு அடுப்பு முன்னால் நின்று. பொங்கலுக்குக்கூட அவ்வளவு வெல்லம் எங்கள் வீட்டில் கரைந்ததில்லை.

அண்டாவை இறக்கி வைத்தபோது அவள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார், இது எதுக்குங்க?"

"கலவைக்கு."

"சிமெண்ட் கலவைக்குங்களா? வேணாங்க சார். சிமெண்ட்ல இனிப்பு பட்டா எறுகாதுங்க. சுண்ணாம்புக்குத்தாங்க வெல்லம் போடுவாங்க. ஒருவாட்டி சர்க்கர இருந்த பக்கெட்டக் கழுவாம கலக்கிட்டேன், மேஸ்திரி என்னைய அடிக்காத கொறைங்க."

இவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ சட்டி தூக்கற வேலையப் பாரு" என்றார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் இவரை விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் ஆயிரம் திட்டுவேன், வேலைக்கு வந்தவள் முன்னால் விட்டுக்கொடுப்பேனா? "அவரு எல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தாம்மா செய்யறாரு" என்றேன். "செரிங்க" என்று சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு என் முழங்கால் பிறகு மூன்று வாரம் விலை கொடுத்தது.

நான்கு நாளில் நான்கு சுவரும் பூசினார். பூச்சா அது? மேடும் பள்ளமுமாகச் சுவர் முழுக்க வேகத்தடை. மட்டப்பலகை வைத்து இழுக்கலாங்க சார் என்று அவள் சொன்னதற்கு, கையால் பூசினால்தான் நயம் தெரியும் என்றார். முடித்ததும் குளத்தின் நடுவில் நின்று என்னைப் போட்டோ எடுக்கச் சொல்லி, சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார். "சொந்த உழைப்பு" என்று கீழே எழுதினார். ஓரத்தில் சட்டியோடு நின்றவளை வெட்டிவிட்டுப் போட்டார்.

மூன்றாம் நாள் விரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போனது.

"மெதுவா செட் ஆகும். மெதுவா செட் ஆனாத்தான் ஸ்ட்ராங்கு" என்றார்.

ஐந்தாம் நாளும் விரல் உள்ளே போனது. ஆறாம் நாள் காலையில் எறும்பு வந்தது. தோப்பில் இருந்த அத்தனை எறும்பும் வரிசை கட்டிக் குளத்துக்குள் இறங்கின. சுவரில் கறுப்புக் கறுப்பாகக் கோடு ஓடியது. இவர் எறும்புப் பொடி வாங்கிவந்து தூவினார். குளத்தைச் சுற்றி லட்சுமண ரேகை போல வெள்ளைக் கோடு, நடுவில் லுங்கியோடு இவர். அந்தக் கோலத்தைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் எனக்கே மூச்சு முட்டியது. சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. மூன்று மாதத்தில் ஒரு மாதம் போய்விட்டது. இரவு திரும்பிப் படுத்தால் முழங்காலுக்குள் யாரோ மணலை அரைக்கிறார்கள். இந்த ஆள் எறும்போடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

பத்தாம் நாள், தண்ணீர் தெளித்தால் இறுகிவிடும் என்று குழாயைத் திருகி ஓஸ் பைப்பைச் சுவர் மேல் பிடித்தார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு ஓரம் வழிந்தது. அப்புறம் சுவர் முழுவதும், சாவகாசமாக, இடுப்பை விட்டு இறங்கும் சேலை மாதிரி சரிந்து தரையில் குவிந்தது. குளம் முழுக்கப் பாயசம் வாசனை. இவர் ஓஸ் பைப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. எழுதினால் அச்சுப் போட மாட்டார்கள். கல்யாணத்தில் ஆரம்பித்து, ஆலைக் கொட்டாய் வழியாக, அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் கட்டியவனின் ஏழு தலைமுறை வரை ஒருவரையும் விடவில்லை. கடைசியில், "மேல ஏறி வாங்க. இனிமே இந்தக் குழிக்குள்ள நான் சொல்லாம கால் வெக்கக் கூடாது" என்றேன். ஏறி வந்துவிட்டார். தாலுகா ஆபீசே நடுங்கிய மனுஷன், முனகாமல் ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் அதற்குள் சட்டியை எடுத்து, சரிந்ததை அள்ள ஆரம்பித்திருந்தாள். முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லை. நான்தான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து எழுந்து, கீழே இறங்கினேன்.

"ஏம்மா, உனக்குப் பூசத் தெரியுமா?"

"தெரியுங்க. இருவது வருசமா பக்கத்துல நின்னு பாக்கறனுங்க."

"பூசியிருக்கியா?"

"எங்க வூட்ட நான்தாங்க பூசினேன். வேலையில கரணையத் தொட உடமாட்டாங்க. பொம்பளைக்குச் சட்டிதாங்க."

"எடு கரணைய" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேலை. அவள் சுவரைச் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தண்ணீர் அடித்துக் கழுவினாள். ஒரு பொட்டு இனிப்பு இருக்கக் கூடாது என்று விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தாள். போர் தண்ணீர் உப்பு, கலவைக்கு ஆகாது என்று குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கச் சொன்னாள். ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், கூடவே தண்ணீர் கசியாமல் இருக்கப் போடும் பொடி. மணலை நான் சலித்தேன், நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் சாக்கை விரித்துக்கொண்டு. சட்டி தூக்குவது யார் என்று கேள்வி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தோம்.

ஆமாம். என் வீட்டுக்காரர் சித்தாள் ஆனார். தலையில் துண்டைச் சும்மாடு கட்டி, மேல் சட்டை இல்லாமல், கலவைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். ரோட்டில் யாராவது வண்டியில் போனால் சட்டியை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து மேற்பார்வை பார்ப்பது போல நிற்பார். வண்டி போனதும் மறுபடி தூக்குவார். "சார், சீக்கிரங்க, காயுதுங்க" என்று கீழேயிருந்து அவள் குரல் கொடுப்பாள். எங்கள் முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு சந்தோஷமான இரண்டு நாள் வாய்த்ததில்லை.

இரண்டாவது கோட் பூசிய அன்று காலை ஏழு மணிக்குக் கரணையை எடுத்தவள் சாயங்காலம் நான்கரைக்குத்தான் கீழே வைத்தாள். நடுவில் நிறுத்தினால் அந்த ஒட்டில் தண்ணீர் கசியும் என்று சாப்பிடக்கூட மேலே வரவில்லை. மூலைகளைச் சதுரமாக விடாமல் உருட்டி விட்டாள். என் கால் படும் இடம் என்று தெரிந்துகொண்டு, படிகளில் வழுக்காமல் இருக்க ஈரப் பூச்சின் மேல் துடைப்பத்தால் கோடு இழுத்தாள். நான் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்று பேப்பர் கப்பில் காபியை நீட்டினேன். சிமெண்ட் கையோடு வாங்கி, இரண்டே மடக்கில் குடித்துவிட்டு, கப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். இப்போது நினைத்தால், அந்தக் கப்பைக் குளத்துக்குள் போடக் கூடாது என்பதில்தான் என் கண் இருந்தது.

பதினான்கு நாள் சாக்கை நனைத்துச் சுவரில் போட்டு வைத்தோம். அவளுக்கு மேஸ்திரிக்குரிய கூலியையே கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. பிறகு மோட்டார் போட்டு இரண்டு நாளில் குளம் நிறைந்தது. தண்ணீர் நின்ற இடத்தில் அவள் செங்கல் துண்டால் ஒரு கோடு போட்டாள். மறுநாள் காலை மூவரும் போய்ப் பார்த்தோம். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

இனி இறங்க வேண்டியதுதான். இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. என் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் எங்கள் வீட்டுக் கிணற்றில் நீச்சல் பழகினார்கள். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிடுவார் அப்பா. நான் மேட்டில் நின்று அவர்கள் துணியைக் காவல் காத்தேன். பொட்டப் பிள்ளைக்குக் கிணற்றில் என்ன வேலை? அறுபது வயதை நெருங்கும் வரை கணுக்காலுக்கு மேல் தண்ணீர் பட்டதில்லை எனக்கு. அது இருக்கட்டும், நம் வீட்டில்தான் வீரர் இருக்கிறாரே, கிணற்று மோட்டார் ரூம் மேலிருந்து குதித்ததாகச் சொல்கிறவர். "கையப் புடிங்க, இறங்கலாம்" என்றேன். அவர் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாம் படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். மூன்றாம் படிக்கு இறங்கவில்லை.

"எனக்குச் சளி புடிச்சிருக்குது" என்றார்.

குதித்தது உண்மைதானாம். ஒரே ஒரு தடவை. கயிறு போட்டு இழுத்தார்களாம். அதை இத்தனை வருடம் சொல்லவில்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்களிடம் எதுவும் கேட்காமல் மறுபக்கமாகத் தண்ணீரில் இறங்கினாள். நெஞ்சளவில் நின்று கையை நீட்டினாள். "வாங்கம்மா. நான் புடிச்சிக்கறேன். படி வழுக்காதுங்க, நான்தான் பூசினேன்" என்றாள்.

அவள் கையைப் பிடித்தேன். காய்ப்புக் காய்த்த கை. ஒரு படி, இரண்டு படி, தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. என் கால் லேசாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், வருடக்கணக்கில் எனக்கு இரண்டு முழங்கால் இருப்பதை ஒவ்வொரு நிமிடமும் தெரிந்துகொண்டே இருந்தேன், அன்று முதல்முறையாக அது தெரியவில்லை. நெஞ்சளவு தண்ணீர் நின்ற இடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"உனக்கு எப்படிப் பயமில்ல?" என்று கேட்டேன்.

"எனக்கு நீச்சல் தெரியுங்க. கல்லு ஒடைச்ச குழியில கத்துக்கிட்டேன். ஊர்க் கெணத்துல எங்கள எறங்க உடமாட்டாங்களே."

"என்னையும் விடலம்மா" என்றேன். சொன்னபோது எனக்கு அவள் மேல் அப்படி ஒரு ஒட்டுதல் வந்தது. இரண்டு பேரையும் கிணற்றுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள், இரண்டு பேரும் இப்போது ஒரே தண்ணீரில் நிற்கிறோம் என்றெல்லாம் தோன்றியது. "நாளைக்கும் வர்றியா? ஒரு பத்து நாள் கையப் புடிச்சிக்கிட்டீன்னா பயம் தெளிஞ்சிடும்" என்றேன்.

"பாக்கலாங்க" என்றாள்.

துணி மாற்றிக்கொண்டு காபி போட்டேன். வழக்கம்போலக் கை ஜன்னலுக்குப் போனது. நிறுத்தினேன். அலமாரியிலிருந்து பெயர் வெட்டிய சில்வர் டம்ளரை எடுத்து, அதில் நுரைக்க நுரைக்க ஊற்றி, பின்வாசலுக்குக் கொண்டுபோனேன். விருது கொடுக்கப் போகிறவள் மாதிரி போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தீண்டாமையைப் பற்றி மூன்று வரி இருக்குமே, அதை முப்பது வருடம் பிள்ளைகளை எழுந்து நின்று படிக்கச் சொன்னவள் நான். அவள் நெகிழ்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தேன்.

ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தவள் டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பேப்பர் கப் தீந்துடுச்சுங்களா?"

"இல்ல. இதுலயே குடி."

"வேணாங்கம்மா. நான் குடிச்சதுக்கப்பறம் இத எங்க வெப்பீங்க?"

குத்திக் காட்டுகிற குரல் இல்லை. மணல் எங்கே கொட்டட்டும் என்று கேட்பாளே, அதே குரல். இடம் முடிவாகியிருந்தது. அலமாரியிலிருந்து எடுக்கும்போதே, இனிமேல் இது பின்பக்க ஜன்னலில் தனியாக இருக்கட்டும் என்று மனசின் ஒரு மூலை தீர்மானித்துவிட்டது. அவள் கேட்டபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

"கப்புலயே குடுங்க. குளுருது, சூடா குடிக்கணும்" என்றாள். டம்ளரைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, பாத்திரத்தில் மிச்சமிருந்ததைக் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். கசக்கினாள். எப்போதும் போலக் குப்பையில் போட்டுவிட்டு, "வர்றேங்கம்மா" என்று போனாள்.

இவர் உள்ளே வந்தார். மேடையில் டம்ளரில் காபி அப்படியே இருந்தது.

"இதுல அவ குடிச்சாளா?"

"குடிக்கல" என்றேன்.

எடுத்துக் குடித்தார். குடித்தாள் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கலாம். நான் சொல்லவில்லை. அவரைத் திட்டவும் இல்லை. அவள் குடித்திருந்தால் அந்த டம்ளர் எங்கே போயிருக்கும் என்பதற்கு அவரிடம் இருந்த பதில்தான் என்னிடமும் இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் நான் தனியாக இறங்கினேன். சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஐந்து வாரம் அப்படி நடந்தேன். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "கத்தி இப்போதைக்கு வேணாங்க டீச்சர், இப்படியே நடங்க" என்றார். இன்றும் நடக்கிறேன். சுவரில் ஒரு வெடிப்பு இல்லை.

வருகிறவர்கள் குளத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள். "நானே பூசினது" என்று இவர் ஆரம்பிப்பார். நான் விடுவேனா? வெல்லத்திலிருந்து ஆரம்பித்து, எறும்பு, ஓஸ் பைப், சும்மாடு கட்டிய கோலம் எல்லாவற்றையும் சொல்லி மானத்தை வாங்கிவிடுவேன். காலனியிலிருந்து வந்த ஒரு பெண்தான் இதைப் பூசினாள், அவளால்தான் நான் நடக்கிறேன் என்றும் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள், என்னைப் பெரிய மனசுக்காரி என்பார்கள். அந்த டம்ளரைப் பற்றி மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.